நில்லுங்க மாமா

காது டாக்டராம் சார், காது டாக்டர்! எனக்கு! இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றோம்னு சொல்லி வச்சிருக்கா என் வீட்டுக்காரி. நாலு வீடு தள்ளி குக்கர் விசில் அடிச்சா அது எத்தனாவது விசில்னு சொல்ற ஆளு நான். என்னைக் கொண்டுபோய் ஒரு ரூமுக்குள்ள உக்கார வச்சு, காதுல எதையோ மாட்டி, கேக்குதா கேக்கலையான்னு... அய்யய்ய, அங்க நிக்காதீங்க சார்! பிளேடுக்கு நேரா நிக்கிறீங்க. மெஷின் ஓடலதான். ஓடாதப்பவே பழகிக்கணும். இப்படி வாங்க. இன்னும். அந்த மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஆங், அதான் இடம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... காது. அத விடுங்க. வண்டியில இருக்கற உங்க கட்டைக்கு வருவோம். காத்துல விழுந்த மரமா? சுவர் மேலயா? அடக் கொடுமையே. சுவர் போனா கட்டிக்கலாம் சார், இந்த மாதிரி கட்டை கிடைக்குமா? என்னமா கனம் பாருங்க. என்ன பண்ணப்போறீங்க, பெஞ்சா? அப்ப ஒண்ணரை இஞ்ச் பலகையாப் போட்டுக்கலாம். என்னது? நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, அப்புறம் சொல்லலாம், மொதல்ல ஆணி பாக்கணும்.

இல்லன்னுதான் சொல்லுவீங்க. எல்லாரும் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, 'எங்க மரத்தை நான் பிள்ளை மாதிரி வளத்தேங்க, ஒரு ஆணி அடிச்சதில்ல'ன்னாரு. உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? ஏழு ஆணி, ஒரு கொக்கி, ஒரு சைக்கிள் பூட்டு! பூட்டு சார்! மரம் அப்படியே முழுங்கி வச்சிருக்கு. பிளேடு அதுல போய் முட்டியிருந்தா... அதுக்குத்தான் இந்தக் கருவி. மேல ஓட்டிட்டே போனா இரும்பு இருக்கற எடத்துல கத்தும். இப்படி... இப்படி... பாத்தீங்களா! கத்துதா? துணி காயப்போடக் கம்பி கட்டினீங்களா? யாரு, உங்க மாமியாரா? சரியாப் போச்சு. ஆணி அடிக்கறது மாமியாரு, பிடுங்கறது மருமகன். எல்லா வீட்லயும் இதே கூத்துதான்.

இதுதான் நம்ம மெஷின். சின்னதா இருக்கேன்னு பாக்காதீங்க. வண்டிக்குப் பின்னாடி மாட்டி, மரம் விழுந்த எடத்துக்கே இழுத்துட்டுப் போலாம். கட்டை கீழ படுத்திருக்கும், பிளேடு மேல இந்தத் தண்டவாளத்துல போகும், நாம பின்னாலேர்ந்து தள்ளணும். அவ்ளோதான். ஆனா அதுக்கு முன்னாடி, தரை மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாக்கணும். மெஷினோட ஒரு கால் இறங்கி நின்னாலும் பலகை கோணலாத்தான் வரும். தண்ணி சொட்டுதான்னு பாக்கணும், இல்லன்னா பிளேடு காஞ்சு கருகிடும். பிளேடை முறுக்கினது சரியா இருக்கணும். பிளேடு மேல மூடி போட்டிருக்கணும். கண்ணாடி, காதுமூடி, கையில மோதிரம் கூடாது, கழுத்துல துண்டு கூடாது. உங்க கழுத்துல என்ன, செயினா? கழட்டுங்க. அட, எடுத்துட்டுப் போயிடமாட்டேன் சார், உங்க பையிலயே போடுங்க.

மணி பாக்காதீங்க. பாத்தா எனக்குப் பதட்டமாகுது. பதட்டத்துல இந்தப் பக்கமே வரக்கூடாது.

தனியா இருக்கீங்களேன்னு கேக்கறீங்களா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஊரே கேக்குது. எனக்கு ஒரு மச்சினன் இருக்கான். வீட்டுக்காரிக்குத் தம்பி. பதினோரு வருஷமா ரெண்டு பேருந்தான் இத ஓட்டறோம். நான் தள்ளுவேன், அவன் அந்தப் பக்கம் நின்னு அறுந்து வர்ற பலகையை எடுத்து அடுக்குவான். வேலையில சூரன். ஆனா வாயி... எதுக்கெடுத்தாலும் 'மாமா, அது இப்படி இல்ல; மாமா, இது அப்படி இல்ல'. மூடியைக் கழட்டி வச்சா 'மாமா, மூடி!' ஆமாண்டா, மூடிதான், நான் என்ன மொளகாத்தூள் டப்பாவையா தொறந்து வச்சிருக்கேன்? தாழ்ப்பாள் சரியில்ல, ஒவ்வொரு தடவையும் சுத்தியால தட்டணும், அதனால கழட்டி ஓரமா வச்சிருந்தேன். அது வேற கதை. அத விடுங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள். இங்கதான், இதே எடத்துலதான். கட்டை உருண்டுடாம இருக்கப் பக்கத்துல இரும்புல ஒரு முட்டுக்கம்பி நிக்குது பாருங்க, இது. மொதல் ரெண்டு பலகை அறுக்கறப்ப பிளேடு ஒசரத்துல போகும், ஒண்ணும் பிரச்சினை இல்ல. பலகை ஆக ஆக பிளேடு கீழ இறங்கும். அப்ப இந்தக் கம்பியையும் கீழ இறக்கணும். இல்லன்னா பிளேடு நேரா வந்து இரும்புல மோதும். இறக்கறது யார் பொறுப்பு? தள்றவன் பொறுப்பு. சரி, என் பொறுப்புதான். மறந்துட்டேன். மனுசன்தானே சார்.

அவன் பாத்துட்டான். அந்தப் பக்கத்துலேர்ந்து கத்தறான். என்ன கத்தினான்? 'நில்லுங்க மாமா!' இஞ்சின் சத்தத்துல, காதுமூடிய மாட்டிட்டு நிக்கறவனுக்கு அது எப்படிக் கேக்கும்? நீங்களே சொல்லிப் பாருங்க. நில்லுங்க. தள்ளுங்க. நில்லுங்க, தள்ளுங்க. மொதல் எழுத்தை இஞ்சின் தின்னுட்டா மிச்சம் ரெண்டும் ஒண்ணுதானே? 'தள்ளுங்க மாமா'ன்னு கேட்டுச்சு. தள்ளிட்டேன். மரியாதை குடுத்ததுதான் சார் அவன் பண்ணின தப்பு! 'டேய், நில்றா!'ன்னு கத்தியிருந்தா பட்டுன்னு நின்னிருப்பேன்ல?

பிளேடு அறுந்துச்சு. அறுந்த முனை சுழட்டிட்டு வெளிய வந்துச்சு. மூடி இருந்திருந்தா உள்ளயே சுருண்டிருக்கும்... அதான் சொன்னேனே, அது வேற கதை. அவன் வலது கையில, முழங்கைக்குக் கீழ, பதினாலு தையல். சுண்டு விரலும் பக்கத்து விரலும் இன்னும் மடங்கல. மடங்குமா மடங்காதான்னு கேட்டா, 'பாக்கலாம்'ங்கறாரு டாக்டர். நரம்பாம். பாக்கலாம்னா என்ன சார் அர்த்தம்?

அன்னிலேர்ந்து எங்க வீட்ல முந்தி மாதிரிப் பேச்சு இல்ல. சோறு போடறா, தட்டு வைக்கிற சத்தத்துலயே எனக்குப் பாதி வயிறு நிறைஞ்சிடுது. திட்டினாலாவது பரவால்ல. திட்டல. 'உங்களுக்குக் காது கேக்கல, அதான் இப்படி ஆச்சு, மொதல்ல காதைக் காட்டுங்க'ன்னு டாக்டரைப் பிடிச்சுட்டா. நானும் என்ன பண்றது... கேக்காதவன் மாதிரியே நடமாடிட்டு இருக்கேன். 'என்னங்க'ன்னு கூப்பிட்டா மூணாவது தடவைதான் திரும்பறேன். நேத்து கையில டீயோட பின்னால வந்து நின்னு ரொம்ப மெதுவா, 'சூடா இருக்கு, வேணுமா?'ங்கறா. டப்புன்னு திரும்பிட்டேன் சார்! அப்படியே ஒரு பார்வை பாத்தா. 'வாசனை வந்துச்சு'ன்னு சமாளிச்சேன்.

என்ன, மறுபடியும் எதோ சொல்ல வர்றீங்க? சொல்லுங்க, நான் என்ன வாயவா பொத்தினேன்?

யாரு அனுப்பினா?

எந்தக் கையில கட்டுப் போட்டவரு? எங்க பாத்தீங்க... மருந்துக்கடையிலயா? ஒல்லியா, நெத்தியில ஒரு தழும்போட? அவன்தான். அவன்தான் சார் என் மச்சினன். அவனா உங்ககிட்ட வந்து பேசினான்? ஓ, நீங்க கடைக்காரர்கிட்ட விசாரிச்சீங்களா, பக்கத்துல நின்னு கேட்டானா. என்ன சொன்னான்? இன்னொரு தடவை சொல்லுங்க.

'எங்க மாமாகிட்ட கொண்டுபோங்க, அவரு பாத்து அறுப்பாரு.'

பாத்து அறுப்பாருன்னா? சொல்றப்ப சிரிச்சானா? கிண்டலாச் சொன்னானா? இல்லையா... சரி.

உக்காருங்க சார். வண்டியிலயே, அந்தக் கட்டை மேல உக்காருங்க. ஆணி இல்லாத பக்கமாப் பாத்து.

எனக்குக் கேட்டுச்சு சார்.

நல்லாவே கேட்டுச்சு. 'நில்லுங்க'வும் கேட்டுச்சு, 'மாமா'வும் கேட்டுச்சு. அன்னிக்குக் காலைலேர்ந்து அவன் மூணு தடவை என்னைத் திருத்திட்டான். மட்டம் சரியில்லன்னான். மூடியைப் போடுங்கன்னான். விசில் ஒண்ணு வாங்கி வச்சுக்கலாம் மாமா, கத்தினா சரியாக் கேக்கலன்னான். 'நாம என்ன பஸ்ஸா ஓட்டறோம், விசில் அடிக்க?'ன்னு கட்டையோட வந்திருந்தவங்க எல்லாரும் சிரிக்கிற மாதிரிச் சொன்னேன். ஆனா கட்டை கொண்டுவந்த ஆளு இருக்காரே, அவரு எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்துட்டு நேரா அவன்கிட்ட போயி, 'முதலாளி, எப்ப முடியும்?'னாரு. முதலாளி! அவன் பாவம், 'அய்யோ, நான் இல்லைங்க, மாமாதான்'னான். அந்த ஆளு, 'ஓ, இவரா?'ன்னு கேட்டுச் சிரிச்சாரு.

அது உள்ள போய் உக்காந்துருச்சு. அடுத்த அஞ்சாவது நிமிசம் அவன் கத்தறான். எல்லாரும் பாக்கறாங்க. இவன் நில்லுன்னா நான் நிக்கணுமான்னு ஒரு ரோசம். அரை விநாடிதான் சார், அதுக்கு மேல இல்ல. தள்ளினேன். அவன் சொல்றது சரியாத்தான் இருக்கும்னும் தெரியும். தெரிஞ்சே தள்ளினேன்.

இந்த 'தள்ளுங்க' கதை இருக்கே, அதுகூட நான் கட்டினதில்ல. அவ்ளோ மூளை எனக்கு ஏது? தையல் போட்டுட்டு இருக்கறப்ப, அவங்க அக்கா என்னைப் பாத்துப் பல்லைக் கடிக்கறா. அவன் படுத்திருந்த எடத்துலேர்ந்தே, 'மாமாவைத் திட்டாதக்கா, நான் நில்லுங்கன்னு கத்தினது அவருக்குத் தள்ளுங்கன்னு கேட்டிருக்கும்'னான். எனக்கு எவ்ளோ சௌகரியமாப் போச்சு பாருங்க! 'ஆமா ஆமா, அப்படித்தான் கேட்டுச்சு'ன்னு பிடிச்சுக்கிட்டேன். அவன் நெசமாவே அப்படி நெனச்சானா, தெரிஞ்சே என்னைக் காப்பாத்தினானா... அது எனக்குத் தெரியல. தூக்கத்துல கூட அதைத்தான் யோசிக்கறேன்.

போன ஞாயித்துக்கெழமை அவனைப் பாக்கப் போனேன். சட்டைக்குப் பட்டன் போட்டுட்டு இருந்தான், எடது கையால. நாலு பட்டனுக்கு எவ்ளோ நேரம்! நான் போட்டுவிடறேன்டான்னேன். 'இல்ல மாமா, பழகிக்கணும்ல'ன்னான். வெக்கமா இருந்துச்சு சார். எந்திரிச்சு வந்துட்டேன். டீ குடிச்சுட்டுப் போங்கன்னு பின்னாலேர்ந்து கூப்பிட்டான். அதையும் கேக்காத மாதிரியே வந்துட்டேன்.

உங்களை ஏமாத்திட்டேன் சார். மூணு வாரமா இந்த மெஷினை நான் ஸ்டார்ட் பண்ணவே இல்ல. இஞ்சின் கயித்தை இழுக்கப் போவேன், பாதியிலயே விட்டுட்டு வந்துடுவேன். வர்றவங்ககிட்ட ஆணி, மட்டம், மூடின்னு பேசிப் பேசியே திருப்பி அனுப்பிடறேன். உங்களுக்கு முன்னாடி நாலு பேரு. அவங்கள்லாம் பாதியிலயே ஓடிட்டாங்க, நீங்கதான் பொறுமையா நிக்கறீங்க. ஆனா மெஷினைப் பத்திப் பேசினது எல்லாம் நெசம் சார், அதுல பொய் இல்ல. ஒவ்வொண்ணும் அவன் சொன்னது. மஞ்சக் கோடு போடணும்னு ஒரு வருஷமாச் சொன்னான். அவன் ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான் போட்டேன்.

அஞ்சு மணிக்கு அந்த டாக்டர் என்ன சொல்லுவாரு? 'ரெண்டு காதும் அருமையா இருக்கும்மா'ன்னு சொல்லுவாரு. அப்புறம் அவ என் பக்கம் திரும்புவா. திரும்பி வர்ற ஆட்டோவுலயே எல்லாம் முடிஞ்சிரும். அதுக்குப் பயந்துதான் காலைலேர்ந்து இப்படிப் புலம்பிட்டு இருந்தேன். ஆனா இப்ப நீங்க சொன்னதக் கேட்டப்புறம்... டாக்டர் சொல்லி அவனுக்குத் தெரியக்கூடாது சார். மத்த யாரு சொல்லியும் தெரியக்கூடாது. கையில கட்டுப் போட்டுட்டு எனக்கு ஆள் அனுப்பிட்டு இருக்கான், பைத்தியக்காரன்.

கட்டையை இறக்காதீங்க. வண்டியிலயே இருக்கட்டும். அவன் வீடு இங்கேர்ந்து பத்து நிமிசம்தான், மருந்துக்கடையைத் தாண்டி வலது பக்கம் ரெண்டாவது சந்து. என்னைக் கொண்டுபோய் விட்ருங்க. உங்க பெஞ்சு நான் பொறுப்பு, அறுத்துத் தர்றேன், ஆனா அவன் வந்து அந்தப் பக்கம் நின்னாத்தான். வரலன்னா... வரலன்னா அவன் இஷ்டம். அவங்க அக்காகிட்ட அப்புறமாச் சொல்லிக்கறேன். ஒரே நாள்ல ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்க ஒடம்புல தெம்பில்ல.

வண்டிக் கதவு சரியாச் சாத்திருச்சா? சரி, எடுங்க. மெதுவாவே போங்க சார், அவசரம் ஒண்ணும் இல்ல... இல்ல இல்ல, வேகமாவே போங்க. மெதுவாப் போனா நான் நடுவுல இறங்கிருவேன்.