மூன்று துண்டுப் பட்டு

"குகைக்குள்ள ராத்திரி எப்பப்பா வரும்?"

ஏழு வயது ஏலவார்குழலி தன் அப்பாவிடம் கேட்டது இது. அப்பா கலியாணசுந்தரம் சிரித்தான். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று புறப்பட்டுவிட்டான்.

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். மூன்றாம் கால பூஜைக்கு நேரம் இருக்கிறது. சிவராத்திரியில் கண் மூடக் கூடாது. இதைக் கேட்டால் மூடவும் வராது. கலியாணசுந்தரத்தின் மைத்துனர் திருஞானசம்பந்தம் வாயால் கேட்டதுதான் எல்லாம். அதோ, தூணோரம் அவரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் இருமிவிடுவார்.

அறுபத்தெட்டாம் வருஷம். ஐப்பசி மாதம். பகல் பதினொன்றரை மணி… ஆந்திராவில் தாடிபத்திரிக்கும் அப்பால், கல்லுங்காட்டு நடுவே ஒரு ரோடு. முன்னால் ஆளில்லை. பின்னால் ஆளில்லை. பஸ் இறக்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. தோளில் ஒரு துணிப்பையோடு கலியாணசுந்தரம் தனியாக நடந்துகொண்டிருந்தான். அவன் செருப்புச் சத்தம் அவனுக்கே அதிகமாகக் கேட்டது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவனுக்கு அங்கே என்ன வேலை? ஐப்பசி மழையில் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட முடியாது. எட்டு நாள் தறி சும்மா கிடக்கும். அந்த எட்டு நாளுக்காக அவன் மூன்று வருஷம் காத்திருந்தான். நூல்கடை சிட்டிபாபு தன் தாய்மாமன் ஊர்ப் பக்கத்துக் குகையைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். தேர் நிற்கிற அளவுக்குக் கூடமாம். அதற்குள் இன்னொரு கூடமாம். நாள் முழுக்க இடுப்பளவு குழியில் காலைத் தொங்கவிட்டு, மூன்று முழ அகலத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது போதாதா?

"இன்னாபா, தறிக் குழி பத்தலையா? பெருசா ஒரு குழி தேடிக்கினு போறியா?" என்று சிட்டிபாபு கேலி செய்தான். ஆனால் தன் டார்ச் லைட்டைக் கொடுத்தான்.

"இருட்டைப் பாக்க ரயில் ஏறிப் போவணுமா? இங்க கரண்டு போனா தெரியாதா?" என்றாள் மனைவி வள்ளி. ஆனால் பொரியும் வெல்லமும் கட்டிக் கொடுத்தாள்.

மூன்றாம் வகுப்பு டிக்கெட். ராத்திரி சத்திரத்துத் தரை. சிக்கனமாகத்தான் போனான். தாடிபத்திரிக் கடையில் டார்ச்சுக்குப் புது பேட்டரி ஒரு ஜோடி வாங்கினான். இன்னொரு ஜோடியைக் கையில் எடுத்தான்… விலை கேட்டான்… திருப்பி வைத்துவிட்டான்.

பையில் இன்னொன்றும் இருந்தது. பெரிய நூல்கண்டு. அரக்கு நிறப் பருத்தி நூல், ஒரே நீளம், நடுவில் எங்கும் ஒட்டு கிடையாது. அவனே சுற்றியது. வாசலில் கட்டிவிட்டு, பிரித்துக்கொண்டே உள்ளே போனால் அதையே பிடித்துத் திரும்பலாம் என்ற யோசனை. நல்ல யோசனைதான்.

குகை வாசலில் ஓர் இச்சி மரத்து வேர் தொங்கியது. நூலை அதில் சுற்றினான். அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. நம் தெருக்காரனைத் தவிர யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். நாம் முடிச்சுப் போடுவோமா? பழைய பாவோடு புதுப் பாவைச் சேர்க்கும்போது இரண்டு நுனியையும் ஒன்றாக வைத்து, சாம்பல் தொட்டு, விரலால் முறுக்கிப் பிணைப்போம். முடிச்சுப் போட்டால் தறி அச்சின் பல்லிடுக்கில் நுழையாதே! பதினெட்டு வருஷமாக அதையே செய்த கை அங்கேயும் அதையே செய்தது. நெற்றித் திருநீற்றைத் தொட்டு, நூலைப் பிணைத்துவிட்டு, அவன் உள்ளே போய்விட்டான்.

என்ன சின்னப்பையா, சிரிக்கிறாய்?

"முடிச்சு போடாமலா போனாரு? நல்ல ஆளுபா!"

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன் விரலைக் கேட்டுச் சொல்.

பார்த்தீர்களா, விரலை முறுக்கிப் பார்க்கிறான்.

முதல் கூடத்தில் டார்ச் வெளிச்சம் கூரையைத் தொடவில்லை. "சிவசிவா…" என்றான். அந்தச் சொல் மேலே போய்ச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். இரண்டாவது கூடம்… சரிவு… ஊர்ந்து போகிற ஒரு சந்து… மூன்றாவது கூடம். வௌவால் எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. டொக்… டொக்… நடுவில் நாலு மூச்சு விட்டால் அடுத்த சொட்டு.

வெளிச்சம் மஞ்சளாயிற்று. பிறகு சிவப்பு. பிறகு இல்லை.

டார்ச்சைத் தட்டினான், உதறினான். தீப்பெட்டியை எடுத்தான். மேலே சொட்டிய ஈரத்தில் குச்சி மருந்து கரைந்து விரலில் ஒட்டியது. சரி, பயமில்லை, நூல் இருக்கிறது என்று மெல்ல இழுத்தான்.

நூல் வந்தது.

இன்னும் இழுத்தான். இன்னும் வந்தது. கனமே இல்லாமல், உருவிக்கொண்ட நாடாவைப் போல வந்துகொண்டே இருந்தது… கடைசியில் நுனி விரலில் பட்டது. அதில் திருநீறு நறநறத்தது.

அப்போதுதான் கணக்குப் பார்த்தான். எட்டு நாள் ஆகாமல் ஊரில் யாரும் தேட மாட்டார்கள். வழியில் எத்தனை திருப்பம், எத்தனை பள்ளம் என்று ஒன்றும் நினைவில்லை. வள்ளி கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள். பெண் தூங்காமல் இருப்பாள். இந்த இருட்டிலேயே முடிந்துபோனால் எலும்புகூட அவர்களுக்குக் கிடைக்காது.

"யாராச்சும் கீறீங்களா?" என்று கத்தினான்.

மூன்று தடவை எதிரொலித்தது. நாலாவது பாதியில் நின்றது. யாரோ வாயைப் பொத்தியது போல.

தண்ணீர் சொட்டுவதும் நின்றுவிட்டது.

பிறகு ஒரு வாசனை… வௌவால் வாசனை இல்லை. சுடச்சுட அரிசிக் கஞ்சி. தெருவில் பாவுக்குப் போடுகிறோமே, அதே கஞ்சி. பூமிக்கடியில், ஆந்திராவில்!

கையிலிருந்த நூல் அசைந்தது. சுருண்டு காலடியில் கிடந்த நூல் சரசரவென்று எதிர்ப்பக்கம் ஓடி, அவன் விரலுக்கிடையில் விறைத்து நின்றது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. எதிர்முனையில் பிடி இருந்தது.

என்ன செய்வான்? ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு முழங்காலால் நகர்ந்தான். நூல் போன வழியே போனான். கொஞ்ச தூரத்தில் ஒரு பிணைப்பு விரலில் தட்டியது. அவன் நூலில் ஒட்டே கிடையாது என்றேனே? ஆனால் இது பிணைப்பு. முடிச்சில்லை. சாம்பல் தொட்டு முறுக்கியது. இன்னும் சூடாக இருந்தது.

அதற்கு அப்பால் பருத்தி இல்லை, பட்டு. இற்றுப்போகிற அளவுக்குப் பழைய பட்டு. அதைப் பிடித்துக்கொண்டு வெகு தூரம் ஊர்ந்தான். இன்னொரு பிணைப்பு. மறுபடியும் வெகு தூரம். மூன்றாவது பிணைப்பு. அதையும் தாண்டி, முட்டி தேய்ந்து ரத்தம் வரும்போது, எதிரே சாம்பல் நிறத்தில் வெளிச்சம் தெரிந்தது.

வெளியே விழுந்து, வெயிலில் கையைப் பார்த்தான். அரக்கு நூலின் நுனியில் மூன்று துண்டுப் பட்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இல்லை.

ஓடிவந்துவிட்டான். பொரிப் பையைக்கூட எடுக்கவில்லை.

அப்போது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய இடம் என்று மட்டும் சொன்னான். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாவு பிணைக்க வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டோம். அவர் இலையில் உட்கார்ந்த பிறகுதான் தறிக்காரன் சாப்பிடுவான். அவனுக்குப் பிணைத்துக் கொடுத்தவரை அவன் பட்டினியாக விட்டு வந்துவிட்டான். யாரோ எவரோ, என்னவாக இருந்தாலும் செய்த உதவி உதவிதானே? இருட்டில் கிடந்த ஒருவனுக்கு ஒரு நுனியைப் பிடித்துக் கொடுப்பது சின்ன வேலையா?

அடுத்த ஐப்பசியில் மறுபடி புறப்பட்டான். வள்ளியிடம் குடலை இட்லி கேட்டான். மிளகும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் அவித்தது, மூன்று நாளானாலும் கெடாது.

"ஒத்த ஆளுக்கு இவ்ளோ எதுக்கு?"

"ஒருத்தருக்குச் சாப்பாடு போடணும் வள்ளி. எனக்கு வேலை செஞ்சவரு."

அவள் மேலே கேட்கவில்லை. இன்னும் நாலு சேர்த்துக் கட்டினாள்.

அதே ரோடு, அதே பகல். முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை. பையிலிருந்து வாழை இலையை எடுத்து, குகைக்குள் வெளிச்சம் முடிகிற இடத்தில் விரித்தான். இட்லியில் பாதியை வைத்தான். மீதி அவன் திரும்பிப் போகிற வழிக்கு. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். கையெடுத்துக் கும்பிட்டு, "அன்னிக்கு உங்களைச் சாப்பிடச் சொல்லாம வந்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றான்.

திரும்பி இரண்டு அடி வைத்திருப்பான்.

"இன்னும் ரெண்டு எலை போடுபா…"

உள்ளே இருட்டிலிருந்து குரல். நம் தெருப் பேச்சு. கோபமில்லை. பந்தியில் கேட்பது போல, சாதாரணமாக.

பிணைப்பு மூன்று என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒன்று வலம் முறுக்கியது, ஒன்று இடம் முறுக்கியது, ஒன்று வெகு மெல்லிசாக. மூன்றும் வேறு வேறு கை. அவனைப் போலவே வந்து, வெளியே போகாத நம் தெருக் கை.

தனக்கென்று வைத்திருந்த இலையை எடுத்தான். இரண்டாகக் கிழித்தான். முதல் இலைக்குப் பக்கத்தில் போட்டான். தன் பங்கு இட்லி முழுவதையும் எடுத்து மூன்றுக்கும் சரியாகப் பிரித்து வைத்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பையை உதறிக்காட்டிவிட்டு வெளியே வந்தான். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர்தான்.

வாசலைத் தாண்டும்போது பின்னால் சத்தம் கேட்டதாம். இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற சத்தம். ஒன்று… இரண்டு… மூன்று. பிறகு அவசரம் அவசரமாகச் சாப்பிடுகிற சத்தம்.

அதில் ஒரு கையில் வளையல் குலுங்கியது.