உரக்கிடங்கில் கேட்ட ஆண் குரல் சம்பந்தமாக

என் பெயர் பால்ராஜ், தகப்பனார் பெயர் அந்தோணி. வயது ஐம்பத்தெட்டு. மலாக்கா மாநிலம் ரெம்பியாவில், தோட்டத்தை ஒட்டிய தாமான் வீட்டில் மனைவி பிரிஜிட்டோடும் இளைய மகளோடும் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையும், அதற்குமேல் படிவம் மூன்று வரையும் போனேன். படித்தேனா என்பது வேறு கேள்வி. செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். என் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை. லோரிக்கு ஒரு சம்மன் வந்தது உண்டு, அதுவும் வேகமாகப் போனதற்கு அல்ல, மெதுவாகப் போய் மற்றவர்களை மறித்ததற்கு.

எனக்கு மலாய் மொழி, பசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஆகவே இன்று வெள்ளிக்கிழமை காலை போலீஸ் நிலையத்தில் நான் வாயால் சொன்னதைக் கார்ப்பரல் ராகினி மலாயில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு, பிசகு வராமல் இருக்க அதையே தமிழில் என் கைப்பட எழுதித் தரும்படி சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கடந்த புதன்கிழமை மாலை நான்கு மணி அளவில் போலீசுக்குப் போன் போட்டு, தோட்டத்துப் பழைய உரக்கிடங்கில் ஓர் ஆளைக் கொல்கிறார்கள் என்று சொன்னவன் நான்தான். ஆள் இந்தியர், ஆண், நாற்பது வயதுக்கு மேல், நல்ல பருமன் என்று அடையாளம் சொன்னவனும் நான்தான். அந்த ஆள் என் இளைய மகள் ஷெர்லீன். அவளுக்கு வயது இருபத்து நான்கு, எடை நாற்பத்தாறு கிலோ.

இது எப்படி நடந்தது என்பதற்கு, அவர்களுடைய இசைக்குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷெர்லீன் அலோர் காஜாவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளும் கவிநேசன், ஆண்ட்ரூ என்ற இரண்டு பையன்களும் சேர்ந்து ஹெவி மெட்டல் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். குழுவுக்கு லாலாங் என்று பெயர். வெட்ட வெட்ட முளைக்கிற புல்லின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று அவர்கள் சத்தத்தைக் கேட்டவர்களுக்குப் புரியும். ஷெர்லீன் கிட்டார், கவிநேசன் பாட்டு, ஆண்ட்ரூ டிரம்ஸ். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி அப்புசாமி அவர்கள் உரக்கிடங்கைப் பயிற்சிக்குத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும் அங்கே போய்விடுவார்கள். அவருடைய அனுமதிக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அப்போதைய சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆண்ட்ரூ இரண்டு குச்சியையும் தட்டி நான்கு வரை எண்ணுவான், எண்ணி முடித்ததும் யார் தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆரம்பித்துவிடுவான். தகரக் கூரையில் பெருமழை அடிப்பது போல இருக்கும். அதற்கு மேல் கவிநேசனின் குரல் குக்கர் விசில் மாதிரி ஏறிக்கொண்டே போகும். முதல் மாதம் எனக்குத் தலைவலி, இரண்டாம் மாதம் பழகிவிட்டது, மூன்றாம் மாதம் அந்தச் சத்தத்தில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. எங்கே கேட்டாலும் இது நம் பிள்ளைகள் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று நான் பெருமை பேசியதும் உண்டு.

அதன் பிறகு ஜனவரியில் ஆண்ட்ரூ வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டான். அவனுக்குப் பதிலாகச் சுங்கை ரம்பாயிலிருந்து காளிதாஸ் என்ற பையன் வந்தான். அவன் கோயில் உறுமி மேளக் குழுவில் பத்து வருடம் அடித்தவன். திருவிழாவில் காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து, மூச்சைப் பார்த்து அடிக்கிற பழக்கம் அவனுக்கு. குச்சியைத் தட்டி எண்ண மாட்டான். எதிரில் இருப்பவர் ஆரம்பிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான், ஆரம்பித்த பிறகுதான் அவன் அடி விழும். இதனால் பாட்டெல்லாம் பாதி வேகத்துக்கு வந்துவிட்டது. வேகம் குறைந்ததும் கிட்டார் சத்தம் மெலிசாகத் தெரிகிறது என்று ஷெர்லீன் கம்பிகளைத் தளர்த்திக் கீழே இறக்கினாள். ஆள் ஒருத்தன் மாறியதற்கு ஏன் எல்லாமே மாறுகிறது என்று நான் கேட்டதற்கு, “காலி லோரியும் லோட் லோரியும் ஒரே இஞ்சின்தானே அப்பா, சத்தம் ஒன்றாகவா இருக்கு?” என்று ஹேண்ட்போனில் எழுதிக் காட்டினாள்.

எழுதிக் காட்டினாள் என்று சொன்னதற்குக் காரணம், அவளுக்கு ஆறு வயதிலிருந்து திக்குவாய். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நான் முடித்து வைத்துவிடுவேன். கடையில் அவளுக்குத் தே தாரிக் டீயும் நான்தான் சொல்வேன். பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல் செய்தது. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். பாதி நேரம் தப்பாகத்தான் முடித்திருக்கிறேன். அவளுக்கு நூடல்ஸ் பிடிக்காது என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும்.

அதன் பிறகு மார்ச் மாதம் கவிநேசனும் ஜொகூர் பாருவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இனி யார் பாடுவார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

சம்பவ தினம் புதன்கிழமை. அவர்கள் பயிற்சி ஞாயிறுதான் என்பது என் கணக்கு. நாளை சனிக்கிழமை மலாக்கா டவுனில், கடை ஒன்றின் மாடியில் அவர்களுக்கு நிகழ்ச்சி இருப்பதால் பயிற்சிக்காக அன்று லீவு எடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான் உரக்கிடங்குக்குப் பின்னால் லோரியை நிறுத்திவிட்டுப் பழக்குலை வருவதற்காகக் காத்திருந்தேன். அப்போது கிடங்குக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, விசில் குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் ஆள் “விடு, கையை விடு” என்று கத்துவது கேட்டது. கொஞ்சம் நிற்கும், மறுபடி கேட்கும்.

நான் போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக லோரியில் ஏறி இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டு, குனிந்து, போன் செய்தேன். உதவி என்று பொருள்படும் தோலோங் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு மலாய் வாயில் வரவில்லை, மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். அந்தப் பக்கம் பேசியவருக்குத் தமிழ் தெரிந்ததால், குரலை வைத்து நான் சொன்ன அடையாளத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு இருபது நிமிடத்தில் இரண்டு கார் வந்தது. அதிகாரிகள் கதவைத் தள்ளித் திறந்தார்கள். உள்ளே காளிதாஸ் தரையில் உட்கார்ந்து டிரம்ஸ் பெடலைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான், ஷெர்லீன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி ஒருவர் அவள் பெயரைக் கேட்டார். அவளுக்கு முதல் எழுத்தே வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். அப்போது நான் லோரியிலிருந்து இறங்கி ஓடி, “ஷெர்லீன், டத்தோ!” என்று கத்தினேன். நான் அவ்வளவு பெரிய பட்டம் கொடுத்து அழைத்தவர் சாதாரணக் கான்ஸ்டபிள் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த ஹேண்ட்போனைப் பார்த்தாள், மைக்கைக் கீழே வைத்தாள்.

அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். விசாரணை முடியும் வரை என்று சொல்லி கிட்டார், மைக், ஸ்பீக்கர் இரண்டு, டிரம்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

அன்று வீட்டில் ஷெர்லீன் சாப்பிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் பரவாயில்லை என்பது போல் தலையை ஆட்டினாள். அவள் பாடப் போகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் காளிதாஸ் சொல்லித் தெரியும். இரண்டு மாதமாக அவன் எதிரில் மட்டும் பாடிப் பார்த்திருக்கிறாள். நான் கேட்ட ‘விடு, கையை விடு’ அவர்கள் புதுப் பாட்டின் நான்கு வரியில் வருவதாம். இனிப் பாட மாட்டேன், சனிக்கிழமைக்குக் கவியைக் கூப்பிடு என்று அவனுக்கு எழுதி அனுப்பிவிட்டாளாம்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் கவிநேசன் லீவு போட்டு ஜொகூரிலிருந்து வந்தான், வரும்போது நண்பனின் கிட்டாரும் மைக்கும் ஸ்பீக்கரும் கொண்டுவந்தான். டிரம்ஸ் போலீசில் இருந்ததால் காளிதாஸ் தன் உறுமியைக் கொண்டுவந்தான். சாமானையெல்லாம் நான்தான் லோரியில் ஏற்றிப்போய்க் கிடங்கில் இறக்கினேன். அதன் பிறகு வெளியே நிற்கப் பயந்து கதவருகே ஓர் உரமூட்டை மேல் உட்கார்ந்தேன்.

கவிநேசன் நன்றாகப் பாடுகிறவன். ஆனால் அன்று அவன் குரல் கூரையில் இருந்தது, கிட்டார் தரையில் இருந்தது, நடுவில் என் லோரியைத் திருப்பும் அளவுக்கு இடம் இருந்தது. இவன் எண்ணிக்கைக்காகக் காத்திருப்பான், காளிதாஸ் இவன் மூச்சுக்காகக் காத்திருப்பான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று தடவை அப்படி ஆனது.

“டேய், அடிச்சுத் தொலைடா,” என்றான் கவிநேசன்.

“நீ ஆரம்பிடா. சாமி வர்றதுக்கு முன்னாடி அடிச்சுப் பழக்கமில்ல எனக்கு.”

“எனக்கு சாமியெல்லாம் வராதுலா. ஒரு நாள் லீவு மட்டும்தான் வரும்.”

அதன் பிறகு கவிநேசன் மைக்கை ஷெர்லீனிடம் நீட்டி, “பழைய பாட்டுன்னா சொல்லு, சிங்கப்பூர்ல இருந்து ஆண்ட்ரூவையும் இழுத்துக்கிட்டு வர்றேன். இது உன் அளவுக்குத் தைச்ச சட்ட. நான் போட்டா தொளதொளன்னு இருக்கு,” என்றான். அவள் வாங்கவில்லை. ஹேண்ட்போனில் எழுதிக் காட்டினாள். ‘அப்பாவே பயந்துட்டாங்க.’

அப்போது நான், “ஏம்மா, சும்மா நின்னவனையே போலீசைக் கூப்பிட வச்சிருக்கே. டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் என்ன ஆவான்?” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள், ஆனால் தலை நிமிரவில்லை.

அதன் பிறகு அவள் வாயால் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். “நா” என்ற எழுத்தில் நின்றது. நான் வழக்கம்போல முடித்து வைக்க வாயைத் திறந்தேன். காளிதாஸ் உறுமியின் மேல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவசரமே இல்லை. அதைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, ரெம்பியா சிக்னலில் சிவப்பு பச்சையாக மாறும் நேரம் இருக்கும். எனக்கு வியர்த்துவிட்டது.

“நான் பாடுறப்ப நீங்க உள்ளே இருக்கணும்,” என்றாள்.

இருக்கிறேன் என்றேன். அவள் மைக்கை வாங்கினாள். காளிதாஸ் காத்திருந்தான், அவள் மூச்சை இழுத்தாள், அதன் பிறகு அவள் குரலும் அவன் அடியும் ஒன்றாக விழுந்தன. உரமூட்டை எனக்குக் கீழே அதிர்ந்தது. கவிநேசன் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மணி நேரம் பாடினாள். யாருக்கும் காயம் இல்லை.

எனவே புதன்கிழமை நான் கொடுத்த புகார் தவறானது. அந்தக் கிடங்கில் எந்தக் குற்றமும் நடக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்குகிறேன். பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் என் மேல் எடுங்கள், பிள்ளைகள் மேல் வேண்டாம். நாளை மாலை ஏழு மணிக்கு அவள் மேடை ஏற வேண்டியிருப்பதால், சாமான்களை இன்றே விடுவித்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். லோரி வெளியே தயாராக நிற்கிறது.

மேலே உள்ள எல்லாம் நடந்தது நடந்தபடி, என் நினைவு தெளிவாக இருக்கும்போது எழுதியது. யாரும் மிரட்டவில்லை, மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். ஆனால் வாயால் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. இதை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று கார்ப்பரலைக் கேட்டுக்கொள்கிறேன். “பெத்த மக குரல் எப்படி அங்கிள் தெரியாமப் போகும்?” என்று அவர் கேட்டபோது, லோரி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சரியாகக் காதில் விழவில்லை என்றேன். ஷெர்லீன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அப்படிச் சொன்னேன். இஞ்சின் ஓடவில்லை. எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்டது. அந்தக் குரல் நான்கு வரியையும் முதலிலிருந்து கடைசி வரை ஓர் எழுத்தில்கூடத் தடுக்காமல் சொன்னது. அதனால்தான் அது என் மகளாக இருக்காது என்று நினைத்தேன்.

(ஒப்பம்)
அ. பால்ராஜ்