கடலில் போட்ட அம்பாக் கொப்பி

ஓடுகிறோம். வெள்ளிக்கிழமை. பிற்பகல் அசர் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. பின்னால் கும்பல் வருகிறது, கடைக் கண்ணாடி உடைகிறது. ஒன்று. பிறகு மூன்று. மனைவியின் இடுப்பில் பிள்ளை. என் கையில் ஒரு கொப்பி.

"கடல் பக்கம் ஓடுங்க! வாரானுகள்!" யாரோ கத்துகிறார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன், மடையன். தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு துணிப்பையோடு மாம்புரிக்கு வந்தவன். கரைவலை இழுத்துப் பிழைத்தேன். கயிற்றின் முன்னால் சிலாபத்துச் சுனில். சிங்களவர். பின்னால் நான். இழுக்கும்போது அம்பா பாடுவோம். மெலிந்த என்னைக் கேலி செய்து அவர் சிங்களத்தில் ஓரடி போடுவார். 'ஈர்க்குக் குச்சி கயிறு பிடிக்க வந்திருக்கு' என்பது அதன் கருத்து. நான் தமிழில் திருப்பிக் கொடுப்பேன்: 'கயிறு நான்தான், நங்கூரம் உன் வயிறு.' கரையே சிரிக்கும். வலை வரும்.

எல்லா அடிகளையும் இந்தக் கொப்பியில் எழுதினேன். எதை எழுதினாலும் மேலே அரபியில் பிஸ்மில்லாஹ் எழுதுவது என் வழக்கம். பக்கத்துக்குப் பக்கம்.

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அந்த வாரம் அரபு எழுத்தைக் கண்டாலே பொலிஸ் ஆளைப் பிடித்தது, கும்பல் முஸ்லிம் கடைகளை உடைத்தது. அல்லாஹ்வின் பெயருள்ள தாளை நாங்கள் எரிப்பதில்லை. தண்ணீரில் விடுவோம். கொப்பியில் கல்லைக் கட்டுகிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுகிறேன். 'தொம்.' ஒரே சத்தம்.

சுனில் ஓடி வருகிறார். சட்டை கிழிந்திருக்கிறது. என்னை மல்லி, தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

"மல்லி, கொப்பி எங்க? கெதியா தா! வாடி நம்ம ரெண்டு பேருக்கும், நம்ம கவி அதில இருக்கு எண்டு சொன்னேன். காட்டச் சொல்றாங்க. காட்டினா வாடிய விடுவாங்க!"

வாடி என்ற அந்தக் கரைக் குடிசையில்தான் எங்கள் வலை இருந்தது. நான் கடலைக் காட்டினேன். அவர் திரும்பி ஓடினார்.

கவிழ்த்த வள்ளத்தின் பின்னால் ஒளிந்துகொண்டோம். சுனில் வாடி வாசலில் நின்று அவர்களுக்கு முன்னால் பாடினார். தன்னுடைய அடியை. பிறகு என்னுடைய அடியை, தமிழில். ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் அவருக்கு மனப்பாடம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். தடி விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு முறை. பாட்டு நின்றது. நான் எழும்பவில்லை. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

இழந்தவை இவை. வாடி ஒன்று. கரைவலை ஒன்று. கொப்பி ஒன்று, அதை நானே போட்டேன். சுனில். கடைசியாக அவர் வாயில் இருந்தது என் அடி. கொப்பியை நம்பிய எனக்கு அவருடைய அடிகளில் ஒன்றுதான் நினைவிருக்கிறது, அந்த ஈர்க்குக் குச்சி.