கண்ணாடியில் வைத்த சந்தனம்

தளிக்குச் செல்லும் பேருந்தில் முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். இளையவரின் மடியில், அவரே கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சிறு மின்பலகையும், அதில் செருகிய, நடுவில் சிறு கண்ணாடி பதித்த ஒரு ஐசி சில்லும் இருந்தன.

“எல்லாம் எஃப் எஃப்னுதான் காட்டுது மாமா. அப்படின்னா ஐசி காலி. மிஷினை ஓட்டுற புரோகிராமே அழிஞ்சுபோச்சு.”

“இந்த அடாப்டர் நீ வீட்ல பண்ணதுதானே மாப்ள? அதுலதான் கோளாறு.”

“வேற ஐசி போட்டா நல்லாப் படிக்குதே. இந்த ஐசியோட நடுக்கண்ணாடிமேல இருந்த ஸ்டிக்கர் எங்க?”

“ஆயுத பூசைக்கு அழுக்கா இருந்துச்சுன்னு நாந்தான் உரிச்சேன். கண்ணாடியில சந்தனம் வச்சு, மறுநாள் தொடைச்சிட்டேன்.”

“மிஷின் பொட்டிக்கு மூடியும் இல்ல. ஜன்னல் வெயில் இத்தன நாளா கண்ணாடி வழியா இறங்கி உள்ள இருந்த புரோகிராமை அழிச்சிருக்கு.”

“மிஷின் செஞ்ச கம்பெனியே மூடிட்டானே. இனி புரோகிராமுக்கு யார்கிட்டப் போறது? நமக்கு இருக்கறது அந்த ஒரு மிஷின்தானே மாப்ள.”

மூத்தவர் பேருந்தின் சன்னலை இறக்கி மூடினார். இளையவர் பலகையைத் துணியில் சுற்றியபடி சொன்னார்:

“சந்தனத்தையாவது தொடைக்காம விட்டிருக்கலாம் மாமா.”