ஆணியில் தொங்கிய ஏப்ரன்

குளிர் அறையின் அபாய மணி அலறியபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். துடைத்துவிட்டுத்தான் போனேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது, சார்.

எங்கள் இறைச்சிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் அறைக்குள் போகிறவர் தன் ஏப்ரனைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்ட வேண்டும். ஏப்ரன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கதவைத் தாழிடக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

அன்று தொங்கியது மாப்பிள்ளையின் ஏப்ரன். என் தங்கையின் கணவர். என்னிடம் பதினாறு வருடம் கத்தி பிடித்தவர். ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சியை விற்க அனுமதிக்கலாமா என்று மாலையில் நகர மன்றத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். அனுமதிக்கலாம் என்று பேச அவர் பெயர் கொடுத்திருந்தார். படித்தவர்கள் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கறி வெட்டுகிறவரே சொன்னால் எடுபடும். எடுபட்டால் என் கடைக்குப் பூட்டுதான்.

“இனி ஆட்டுக்கும் ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு, மச்சான்” என்று காலையில்கூடக் கிண்டலடித்தார்.

“ஆட்டுக்கு முன்னாடி எனக்குக் குடுத்துடாதீங்க, மாப்பிள்ளை” என்றேன். இருவரும் சிரித்தோம். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை.

கூட்டத்தில் காட்ட ஒரு கறித் துண்டு எடுக்கத்தான் உள்ளே போனார். மேடைக்கென்று மெல்லிய புதுச் சட்டை போட்டிருந்தார். மற்றவர்கள் முன்பே மன்றத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் கதவைத் தாழிட்டேன். ஏப்ரனை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். உள்ளிருந்து அவர் மணியை அடித்தார், அணைத்தேன். அவர் பேச வேண்டிய முறை தவறும்வரை என்றுதான் நினைத்தேன். திடமான ஆள், கொஞ்ச நேரக் குளிரைத் தாங்குவார்.

மன்றத்தில் அவரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் இடத்தில் நான் பேசினேன். உயிரின் அருமை கத்தி பிடித்தவனுக்குத் தெரியும், இறைச்சி வளர்க்கிற தொட்டிக்குத் தெரியாது என்றேன். கைதட்டினார்கள். தங்கையும் தட்டினாள், தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

“அவரை எங்கேண்ணே காணோம்?”

“வருவாரும்மா.”

அவளை வீட்டில் விட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். மறுநாள் காலை வழக்கம்போல நானே கடையைத் திறந்தேன்.

இதையெல்லாம் வாக்குமூலமாக எழுதிக்கொண்ட பிறகும் நீங்கள் அதையே கேட்கிறீர்கள்.

“ஆறு மணிக்கே கூட்டம் முடிஞ்சுதே. அப்பவாவது போய்த் திறந்திருக்கலாமே?”

“எங்க சார் முடிஞ்சுது? அடுத்த வாரத்துக்குத்தானே தள்ளி வச்சாங்க.”