புதுச்சேரி வேலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கப்பன் குடிச்சிக் குடிச்சே செத்தான். நீ இன்னான்னா புதுச்சேரில பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கினு இருக்க," என்றார் தாய்.

"அது சாராயம் இல்லம்மா, ஒயின். எங்க ஓனர் குடும்பம் வெளிநாட்ல இருந்து வரவழைக்கிறாங்க. பெரிய கம்பெனில வாங்க மாட்டாங்க. சொந்தத் தோட்டத்துல திராட்சை போட்டு, வூட்டோட செய்யறவங்ககிட்டதான் வாங்குவாங்க."

"எதுவா இருந்தா இன்னா? குடிக்கத்தானே போறான்?"

மகள் சற்று நேரம் வெளியே கரும்புக் கொல்லைகளைப் பார்த்தாள்.

"அந்த வெளிநாட்ல அப்படி ஒயின் செய்யற ஒரு அம்மா இருக்காங்க. புருசன் செத்ததும், தனிப் பொம்பளையால தோட்டத்தப் பாத்து ஒயின் செய்ய முடியாதுன்னு எல்லாரும் அவங்ககிட்ட வாங்கறத நிறுத்திட்டாங்க. எங்க ஓனர் மட்டும் நிறுத்தல. அவங்க பாட்டிலுக்கும் நாந்தாம்மா லேபிள் ஒட்டறேன்."

தாய் மகள் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பொண்ணு."

கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றது. தாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வேலைக்குப் போ, நான் வேணாங்கல. ஆனா தீபாவளிக்கு ஓனர் குடுத்தாங்கன்னு ஒரு பாட்டிலக்கூட நம்ம வூட்டுக்கு எடுத்தாந்துடாத. உன் தம்பி வளந்துக்கினு இருக்கான்."