படம் வந்த பிறகு

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒன்பதாவது முடித்த ஜூன் மாதம், லீலாவதி டீச்சர் வாலிகண்டபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து, என்னைப் பத்தாவதுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அண்ணன் சாமிதுரை மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நீயே ஒன் வாயால சொல்லு. போறியா? எனக்குக் கேட்டா அனுப்புறேன்."

"போறேன்" என்றேன்.

காதில் கை வைத்துக் குனிந்தார். "கேக்கலயே!"

மறுபடியும் சொன்னேன்.

"கேக்கலயே, ஊமக்கோட்டான்!"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர்கூடக் கொஞ்சம் சிரித்தார். அத்தோடு என் படிப்பு நின்றது. அண்ணன் வார்த்தை தவறவில்லை. கேட்டால் அனுப்புவதாகத்தான் சொல்லியிருந்தார்.

மாசியில் டிவி வாங்கினார். எங்கள் தெருவில் அதுதான் முதல் டிவி. படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததால், பெரம்பலூரிலிருந்து பூஸ்டர் வாங்கி வந்து அவரே மாட்டினார். மாட்டியதும் இருந்த படமும் போய்த் திரையில் வெறும் மழை கொட்டியது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். பூஸ்டரில் விளக்கு எரிந்தது. டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆன்டெனாதான் திரும்பிக்கெடக்கு" என்று மாடிக்கு ஏறிவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பாட்டுப் போடும் நேரம். படம் வந்த பிறகுதான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டதால் தெரு சனம் வாசலில் காத்திருந்தது. உள்ளறையில் டிவி முன்னால் நான் மட்டும் இருந்தேன். நான் சொல்வதை அண்ணி அமிர்தவல்லி வாசற்படியில் நின்று மாடிக்குக் கத்தவேண்டும். இரைச்சல் பொறுக்காமல் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தேன்.

பூஸ்டரில் இரண்டு வயர். ஒன்று மாடியிலிருந்து வருவது, மற்றது டிவிக்குப் போவது. அட்டைப்பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அண்ணன் இரண்டையும் மாற்றிக் குத்தியிருந்தார். சரியாகக் குத்தினேன். ஒரு பெண் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சு" என்றேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

"என்னாது?" என்றாள் அண்ணி.

மேலிருந்து அண்ணன் கேட்டார். "ஊமக்கோட்டான் என்னா சொல்லுது? கேக்கலயே!"

வாசலே சிரித்தது.

அந்தப் பெண் ஆடி முடிக்கும்வரை பார்த்தேன். பிறகு வயர்களை அண்ணன் குத்தியிருந்தபடியே மாற்றிக் குத்தினேன். மழை கொட்டியது. வாசற்படிக்குப் போய் அண்ணியின் காதில் தெளிவாகச் சொன்னேன்.

"தெரியல அண்ணி. கெழக்கால தள்ளிப் பாக்கச் சொல்லுங்க."

"தெரியலயாம்! கெழக்கால தள்ளுங்க!"

"இப்ப?"

"இல்லியாம். இன்னும் கெழக்கால!"

மாடியின் கிழக்கு ஓரத்தை ஒட்டித்தான் கரண்டுக் கம்பி போகிறது. அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் பொழுது சாய்ந்த நேரத்தில், இரும்புக் குழாயைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து நிற்பவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? நான் டிவியை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். மின்சாரத்தைப் பற்றி எட்டாவதில் பாடம் இருந்தது.

தெரு முழுக்க விளக்கு அணைந்தது.

விசாரிக்க வந்தவர்கள் அண்ணியைத்தான் கேட்டார்கள். "நான்தாங்க கெழக்கால தள்ளச் சொன்னேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு நல்ல கணீர்க் குரல். இப்போதும் தூக்கத்தில் அதையே சொல்கிறாள். உங்கள் மேல் தப்பில்லை அண்ணி என்று நான்தான் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொன்னதில் பொய் கிடையாது. அண்ணன் மாட்டியபடி இருந்தால் படம் தெரியாது. தெரியவில்லை என்றேன்.

துக்கம் விசாரிக்க லீலாவதி டீச்சர் வந்தார். போகும்போது, "ஜூன்ல பள்ளிக்கூடம் வரியாம்மா?" என்றார்.

"வரேன் டீச்சர்" என்றேன்.

அவருக்கு முதல் தடவையே கேட்டது.